டேலிலி: இலை செழிக்கிறது, பூத்தண்டு மட்டும் வரவில்லை

மதிலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர் ஒருவர் தன் தோட்டத்துத் தூரிலிருந்து பிரித்துக் கொடுத்த டேலிலி என்னிடம் இருக்கிறது. அவரிடத்தில் அதே செடி ஆரஞ்சு நிறத்தில் பூத்துத் தள்ளுகிறது. என்னிடம் வந்த பிறகு இலை, இலை, இலைதான். பக்கக்கன்றுகள் வெடித்துத் தூர் நன்றாகப் பருத்துவிட்டது. இலைகள் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, கரும்பச்சையாக, பார்க்கவே கொழுகொழுவென்று நிற்கின்றன. பூச்சியோ நோயோ தெரியவில்லை. வாரந்தோறும் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன், மண்ணைக் காயவிடுவதில்லை. இன்னும் என்னதான் கேட்கிறது இந்தச் செடி? பூ வரவைக்கும் மருந்து ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைத்துவிடுவேன்.

வெயில்மேடு:

பிடுங்க அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு கேள்விகள். நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? மண்ணுக்கு அடியில் குமிழ் இருக்கிறதா, வேர் மட்டும்தானா?

இரண்டாவதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. லில்லி என்ற பெயரில் கைமாறும் செடிகளில் பல டேலிலியே அல்ல. மழை லில்லி, ஸ்பைடர் லில்லி, எக்காளம் போலப் பெரிய பூ விடும் ஹிப்பியாஸ்ட்ரம் எல்லாம் குமிழிலிருந்து வருபவை. பூக்கடையில் கொத்தாக விற்கும் லில்லியும் அப்படித்தான். அதில் ஒரே தண்டின் நெடுகிலும் இலைகள் இருக்கும். டேலிலிக்குக் குமிழ் கிடையாது. சதைப்பற்றான வேர்கள்தான், சிலவற்றில் ஆங்காங்கே கிழங்காகப் புடைத்திருக்கும். இலைகள் அடியிலிருந்தே இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கி விசிறியாக நிற்கும். பூத்தண்டு தனியாக, பெரும்பாலும் இலையில்லாமல் மேலே வரும். ஒரு பக்கம் மண்ணை விலக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

மதிலோரம்:

பார்த்துவிட்டேன். குமிழ் இல்லை. பழுப்பு வெள்ளையில் தடித்த வேர்கள், நடுநடுவே புடைப்பு. பூவும் அவர் வீட்டில் பார்த்ததுதான், ஆறு மடல், காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். வெயில் மதிலைத் தாண்டி உள்ளே வரவே பத்து மணி ஆகிறது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மரத்தின் நிழல் விழுந்துவிடும்.

பழைய மண்வெட்டி:

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு மணி நேர வெயில், வாராவாரம் பிண்ணாக்கு. இப்படி வைத்தால் இலை வராமல் என்ன வரும்?

டேலிலிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் அது சாகாது, அதுதான் சிக்கல். செத்துவிட்டால் இடம் சரியில்லை என்று நமக்குப் புரிந்துவிடும். இது சாகாமல், இலையை மட்டும் நீட்டி, நலமாக இருப்பது போலவே காட்டிக்கொள்ளும். “எங்கும் வளரும், எதையும் தாங்கும்” என்று இதைப் பற்றிச் சொல்கிறார்களே, அந்தப் பாராட்டை நம்பித்தான் பலர் இதை மதில் மூலையிலும் மர நிழலிலும் தள்ளிவிடுகிறார்கள். தாங்குவது வேறு, பூப்பது வேறு.

அடுத்தது பிண்ணாக்கு. பிண்ணாக்கில் தழைச்சத்துதான் மற்ற சத்துகளைவிட அதிகம். தழைச்சத்து ஏறினால் இலை கொழுக்கும், பூத்தண்டு குறையும். உங்கள் செடியின் கரும்பச்சையே அதற்குச் சாட்சி. அதை உடனே நிறுத்துங்கள். வேறு எதையும் ஊற்ற வேண்டாம். பூ வரவைக்கும் மருந்து என்று எதுவும் இல்லை; விற்கிறவர்கள் இருப்பார்கள்.

மூன்றாவது, மரம். நிழலை மட்டும் தரவில்லை அது, உங்கள் நீரையும் பங்குபோடுகிறது. மேல்மட்டத்தில் வேர் பரப்பும் மரமாக இருந்தால் நீங்கள் ஊற்றுவதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

நான்காவது, நட்ட ஆழம். இலையும் வேரும் சந்திக்கும் அந்தக் கழுத்துப்பகுதி மண் மட்டத்திலிருந்து 2.5 சென்டிமீட்டருக்கு மேல் கீழே போகக்கூடாது. ஆழமாகப் புதைந்த செடி பூப்பதற்குத் தயங்கும், ஈரமண்ணில் அழுகவும் செய்யும். மேலே மேலே மண் அணைத்துவிடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இடம் மாற்றுவதுதான் ஒரே வழி.

உரக்கூடை:

மண்வெட்டி ஐயா சொன்னதில் வெயிலும் ஆழமும் சரி. உரத்தை மட்டும் இப்படி ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. என்னுடையது மணல் கலந்த மண். ஒன்றும் போடாமல் விட்ட பாத்தியில் பூத்தண்டு மெலிந்து, மொட்டும் குறைந்துதான் வருகிறது. மக்கிய தொழு உரம் கலந்த பாத்தியில் தண்டுகள் கிளைவிட்டு வருகின்றன. பட்டினி போட்டால் பூக்கும் என்று யாராவது புரிந்துகொண்டுவிடப் போகிறார்கள்.

பழைய மண்வெட்டி:

பட்டினி போடச் சொல்லவில்லை, திணிக்காதே என்கிறேன். உங்கள் மணலில் சத்து நீரோடு இறங்கிவிடும். அங்கே தொழு உரம் தேவைதான். இவருடைய செடி கரும்பச்சையில் நிற்கிறது. கொழுத்துக் கிடப்பவனுக்கும் மெலிந்தவனுக்கும் ஒரே பந்தியா?

உரக்கூடை:

அப்படியென்றால் நாம் இருவரும் ஒன்றையேதான் சொல்கிறோம். என் வழக்கம் இது: புதுத் துளிர் கிளம்பும்போது இரண்டு விரற்கடை மக்கிய உரம், கழுத்தை மூடாமல் சுற்றிலும். பூத்து ஓய்ந்த பிறகு இன்னொரு முறை லேசாக. இடையில் ஒன்றும் இல்லை. இரசாயன உரம் போடுகிறவர்கள் தழைச்சத்து குறைந்த கலவையாகப் பார்த்து, மெதுவாகக் கரையும் வகையை எடுத்துக்கொள்ளலாம். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது, கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக முறைத்துக்கொள்ளாது.

மதிலோரம்:

மிக்க நன்றி. தெற்குப் பக்கம் காலை முதல் பிற்பகல் வரை வெயில் படும் இடம் ஒன்று இருக்கிறது. இப்போது கடும் வெயில் காலம். உடனே மாற்றலாமா? தூர் இவ்வளவு பெரிதாக இருப்பதால் பிரிக்கவும் வேண்டுமா?

வெயில்மேடு:

இப்போது தொடாதீர்கள். உச்ச வெயிலில் பிரித்த டேலிலியில் வெட்டுப்பட்ட கழுத்து, சூடான ஈரமண், இரண்டும் சேர்ந்தால் அழுகல்தான். வெக்கை தணிந்து, வேர் பிடிக்க இன்னும் சில வாரங்களாவது மிதமான காலநிலை கையில் இருக்கும்போது செய்யுங்கள். கடுங்குளிர் உள்ள ஊராக இருந்தால் மண் உறைவதற்கு ஒன்றரை மாதம் முன்பே முடித்துவிட வேண்டும்.

பிரிப்பதைப் பற்றி: மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பிரிப்பது பொதுவான வழக்கம். ஆனால் நாட்காட்டியைப் பார்த்துப் பிரிக்க வேண்டியதில்லை. நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த தூர் ஒரு பருவத்தில் திடீரென்று குறைத்துப் பூத்தால், நடுப்பகுதி நெருங்கி இளைத்துப் போனால், அதுதான் அடையாளம். உங்களுடையதை எப்படியும் பெயர்க்கப் போகிறீர்கள், கூடவே பிரித்துவிடுங்கள்.

கடப்பாறைக்கு வேலை வைக்காதீர்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, நான்கு பக்கமும் தளர்த்தி, மொத்தமாகத் தூக்குங்கள். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சி மண்ணைக் கழுவிவிட்டால் எந்த விசிறி எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பல இடங்களில் கையால் முறுக்கினாலே பிரிந்துவிடும். பிரியாத இடத்தில் கூரான கத்தி. இரண்டு மூன்று விசிறிகள் சேர்ந்த துண்டாக வைத்துக்கொண்டால் சீக்கிரம் பூக்கும். ஒற்றை விசிறியாக நட்டால் காத்திருக்க வேண்டும். இலைகளை 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், அறுந்த வேர் எல்லா இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. வெட்டுக்காயம் ஆறும்வரை ஒரு நாள் நிழலில் கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது.

குழியின் நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, அதன் மேல் கழுத்தை உட்கார வைத்து, வேர்களைச் சரிவில் சுற்றிலும் பரப்பி மூடுங்கள். செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர். பார்க்க வெறிச்சென்று இருக்கும், இருக்கட்டும்.

பழைய மண்வெட்டி:

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் மதிலோரம். மாற்றிய முதல் பருவத்தில் பூக்காவிட்டால் மறுபடி இங்கே வந்து மருந்து கேட்காதீர்கள். வேர் பிடிப்பதற்கே அந்தப் பருவம் போகலாம்.

மாடிக்கொடி:

நடுவே புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குத் தரை இல்லை, மொட்டைமாடிதான். தொட்டியில் டேலிலி பூக்குமா?

உரக்கூடை:

தாராளமாகப் பூக்கும் அக்கா. உயரத்தைவிட அகலத்தைப் பார்த்துத் தொட்டி வாங்குங்கள், வாய் 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. குட்டை வகைகள்தான் தொட்டிக்கு அடக்கமாக இருக்கும். ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்ற மஞ்சள் வகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், தண்டே ஓரடிக்குள் நின்றுவிடும், ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்து மறுபடி பூக்கும். தோட்டக்கலவையில் தென்னை நார்க்கழிவு அளவுக்கு மீறிப் போகாமல், வடிகால் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தளத்தின் சூடு தொட்டியின் அடியிலும் ஏறும், இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். தரையில் வாரம் ஒரு முறை, 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமமான நீர் ஆழமாக இறங்கினால் போதும் என்பார்கள். அந்தக் கணக்கு மாடித் தொட்டிக்குப் பொருந்தாது. வெயில் காலத்தில் தினமும் விரலை விட்டுப் பாருங்கள். மொட்டு வரும் நேரத்தில் மட்டும் காயவிட்டுவிடாதீர்கள், மொட்டு உதிரும், வந்த பூவும் சிறுத்துவிடும்.

வெயில்மேடு:

அளவுக்கு மீறி ஒரே நாளில் ஊற்றுவதும் ஆபத்து. வெகுநாள் காயவைத்துவிட்டுத் திடீரென்று வெள்ளமாகப் பாய்ச்சினால், வேகமாக நீளும் பூத்தண்டு பாதியில் வெடித்துப் பிளந்து மடியும். பெருமழைக்குப் பிறகும் இதைப் பார்க்கலாம், தழைச்சத்து மிகுந்த பாத்தியில் இன்னும் கூடுதலாக. பூச்சி கடித்தது என்று நினைத்து மருந்தடிக்க ஓடுகிறார்கள்.

பூனைவீடு:

பூனை வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால்: டேலிலி பூனைக்குக் கொடிய நஞ்சு. இலை, பூ, மகரந்தம், பூ வைத்த குவளையின் நீர் எதுவும் விதிவிலக்கு இல்லை. சிறுநீரகம் செயலிழந்துவிடும். மேலே விழுந்த மகரந்தத்தை நக்கினாலும் போதும். வாந்தி, சோர்வு, தீனி எடுக்காமை என்று தொடங்கும்; பிறகு தேறுவது போலத் தோன்றினாலும் நம்பக்கூடாது. கடித்ததைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அன்றைக்கே. நாய்க்கு இந்தச் சிறுநீரக ஆபத்து இல்லை, தின்றால் வயிறு கெடலாம். எங்கள் வீட்டில் பூனை இருப்பதால் டேலிலியே இல்லை. மற்றவர்கள் தோட்டத்தைப் பார்த்து ஆறுதல் அடைந்துகொள்கிறேன்.

மாடிக்கொடி:

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். மாடிக்குத் தெருப்பூனை வரும். தொட்டி ஆசையை யோசித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீலக்கனவு:

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நீல நிற டேலிலி விதை வாங்கினேன். படத்தில் ஆகாய நீலத்தில் இருந்தது. முளைத்து வளர்ந்து இப்போது மஞ்சளாகப் பூத்திருக்கிறது. மண்ணில் ஏதாவது சேர்த்தால் நீலமாகுமா? ஹைட்ரேஞ்சியாவுக்குச் செய்வார்களே.

ஏட்டுப்புழு:

தம்பி, நீல டேலிலி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. பதிவு பெற்ற வகைகள் 80,000-க்கும் மேல். அவற்றில் ஒன்றுகூடத் தூய நீலம் கிடையாது. லாவெண்டர் சாயல் உண்டு, பூவின் நடுவில் நீலம் கலந்த ஊதா வளையம் போட்டவை உண்டு, அவ்வளவுதான். தூய வெள்ளையும் இன்னும் வரவில்லை. வெள்ளை என்று சொல்வதெல்லாம் பாலாடை நிறம், இல்லையென்றால் மிக வெளிறிய மஞ்சள். ஹைட்ரேஞ்சியாவில் மண்ணின் அமிலத்தன்மைக்கும் அலுமினியத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். டேலிலியில் அந்த வித்தை நடக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெயர் பெற்ற வகையின் விதை என்று விற்றாலும் ஏமாற வேண்டாம். கலப்பின டேலிலியின் விதை தாயைப் போலவே வராது. ‘ஸ்டெல்லா டி ஓரோ விதை’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால், அதிலிருந்து வருவது ஸ்டெல்லாவின் பிள்ளையாக இருக்கலாம், ஸ்டெல்லா ஆகாது. அந்த வகையே வேண்டுமென்றால் தூர் பிரித்த கன்றைத்தான் வாங்க வேண்டும்.

மஞ்சளாகப் பூத்தது என்கிறீர்களே, அது மோசமா என்ன? விதையிலிருந்து உங்கள் கையால் வந்த மஞ்சள் வேறு யாரிடமும் இருக்காது.

நீலக்கனவு:

காசு போனது போனதுதான். ஆனால் அந்தக் கடைசி வரிக்கு நன்றி. இத்தனை ஆயிரம் வகைகள் எப்படி வந்தன? எல்லாம் ஒரே செடியிலிருந்தா?

ஏட்டுப்புழு:

இல்லை. இதன் காட்டுச் சொந்தங்கள் சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்தவை. அவற்றின் நிறங்கள் மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி இவற்றைத் தாண்டிப் போவதில்லை. லின்னேயஸ் 1753-இல் ஹெமரோகாலிஸ் என்ற பேரினத்தை எழுதி வைத்த காலத்தில் ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்தவை மஞ்சள் ஒன்றும் ஆரஞ்சு ஒன்றும்தான். அந்த ஆரஞ்சு, ஹெமரோகாலிஸ் ஃபுல்வா, உங்களில் பலரிடம் இருப்பது. மதிலோரம் அவர்களின் செடியும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு நியூயார்க் தாவரவியல் தோட்டத்தில் ஆர்லோ பர்டெட் ஸ்டவுட் என்ற அறிஞர் இதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செந்நிறச் சாயல் கொண்ட காட்டுச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, 1934-இல் ‘தெரான்’ என்ற அடர்சிவப்பு வகையை வெளியிட்டார். சிவப்புக்கு அதுதான் வாசல். அமெரிக்காவில் 1946-இல் டேலிலிக்கென்றே சங்கம் அமைந்தது. அவர்கள் தரும் உயரிய பதக்கத்துக்கு ஸ்டவுட்டின் பெயர்தான். உரக்கூடை சொன்ன ஸ்டெல்லா டி ஓரோவை வால்டர் ஜப்லான்ஸ்கி 1975-இல் பதிவு செய்தார். 1985-இல் அது அந்தப் பதக்கத்தைப் பெற்றது.

இடையில் கோல்சிசின் என்ற வேதிப்பொருள் வந்து சேர்ந்தது. இயல்பான டேலிலியில், அதாவது இருமய வகையில், 22 குரோமோசோம்கள். கோல்சிசின் பட்ட செடிகளில் 44 ஆக்கினார்கள். இந்த நான்மய வகைகளில் தண்டு தடிப்பு, மடலில் கனம், விளிம்பில் சுருக்கு வேலைப்பாடு எல்லாம் கூடிவந்தன. அழகு கூடியதா என்பது அவரவர் கண். எனக்கு மெலிந்த மடல் கொண்ட பழைய இருமய வகைகள்தான் பிடிக்கும். புதியவற்றில் சில பூ என்று சொல்ல முடியாத அளவுக்கு மடிப்பும் விளிம்பும் ஏறிக் கிடக்கின்றன.

மதிலோரம்:

என் செடி ஃபுல்வா என்றால் அதைத் தெற்குப் பாத்தியில் மற்றச் செடிகளோடு வைக்கலாமா? பரவும் என்று யாரோ சொன்னார்கள்.

பழைய மண்வெட்டி:

பரவும். மற்ற டேலிலிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தூராகப் பருக்கும்; இது மண்ணுக்கடியில் வேர்த்தண்டை நீட்டி, தள்ளிப் போய்த் தலைதூக்கும். பரவலாக இருக்கும் ஃபுல்வாவுக்கு 33 குரோமோசோம்கள், அதனால் விதை பிடிப்பது அரிது. விதையே இல்லாமல் வட அமெரிக்காவில் சாலையோரம் நெடுகப் பரவி, சில பகுதிகளில் களையாகவே கருதப்படுகிறது. அதற்குத் தனி இடம் கொடுங்கள், நடைபாதைக்கும் மதிலுக்கும் நடுவே அடைபட்ட பாத்தி என்றால் மிகப் பொருத்தம். விலையுயர்ந்த வகைக்குப் பக்கத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பெயர்த்த இடத்தில் ஒரு துண்டு வேர்த்தண்டு தங்கினாலும் மறுபடி முளைக்கும், அந்த மூலையைச் சில மாதங்கள் கண்காணியுங்கள்.

குளிர்மலை:

ஒரு சந்தேகம். என் அக்கா வெப்பமான ஊரில் இருக்கிறாள். என் தோட்டத்திலிருந்து அவளுக்கு அனுப்பிய செடி ஆண்டுக்கு ஆண்டு இளைத்துக்கொண்டே போகிறது. வெயில் இருக்கிறது, நீரும் இருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் இலை முழுதும் மடிந்து வசந்தத்தில் பாய்ந்து வரும் செடி அது.

வெயில்மேடு:

நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. டேலிலியில் உறங்கும் வகை, பசுமை மாறா வகை, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று மூன்று உண்டு. உங்களுடையது உறங்கும் வகை. அவற்றில் பலவற்றுக்குக் குளிர் ஓய்வு தேவை. குளிரே இல்லாத இடத்தில் ஓய்வில்லாமல் தளர்ந்துபோகும். அக்காவுக்குப் பசுமை மாறா வகை அனுப்புங்கள். நீங்கள் அங்கிருந்து ஒன்றை வரவழைத்தால் கடுங்குளிரில் அது கெட்டுவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கும்போது நிறத்தைக் கேட்கிறவர்கள் நூறு பேர் என்றால் இதைக் கேட்கிறவர் ஒருவர். பூக்கவில்லை என்ற புகார்களில் வெயிலுக்கு அடுத்து நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

வெயிலிலும் ஒரு திருத்தம். அடர்சிவப்பு, ஊதா வகைகள் உச்சி வெயிலில் வெளிறும். மழைத்துளி பட்டால் நிறம் திட்டுத்திட்டாகக் கரையும். அவற்றுக்குக் காலை முழு வெயிலும் பிற்பகலில் சற்று நிழலும் கிடைத்தால் மாலைவரை நிறம் நிற்கும். மஞ்சளுக்கு அந்தச் செல்லம் தேவையில்லை.

இலைநுனி:

என் செடிகளில் இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடி போல இருக்கிறது. மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள். துருவா, வேறு ஏதாவதா?

உரக்கூடை:

வெள்ளைத் துணியாலோ காகிதத்தாலோ இலையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். ஆரஞ்சுக் கறை ஒட்டினால் துரு நோய். கறை ஒட்டாமல், நடுநரம்பை ஒட்டி நுனியிலிருந்து மஞ்சள் கீற்றாக இறங்கிப் பழுப்பாகக் காய்ந்தால் அது இலைக்கீற்று நோய். அது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

இலைநுனி:

ஒட்டுகிறது. நன்றாகவே ஒட்டுகிறது.

பழைய மண்வெட்டி:

அப்படியென்றால் துருதான். பக்சினியா ஹெமரோகாலிடிஸ் என்ற பூஞ்சை. ஆசியாவில் பழைய ஆள், அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில்தான் முதலில் கண்டார்கள். செடியைக் கொல்வது அபூர்வம். நலிவடையச் செய்யும், பூவைக் குறைக்கும், காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும்.

இந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில்தான் வாழும். எனவே இலைகளைத் தரையோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்டியதை எருக்குழியில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதுத்துளிர் சுத்தமாக வரும். பிறகு நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில், காலை நேரத்தில் பாய்ச்சுங்கள். இலையில் சில மணி நேரம் ஈரம் நின்றால்தான் அதன் வித்துகள் முளைக்க முடியும், மாலையில் தெளித்தால் இரவு முழுதும் அதற்கு விருந்து. நெருக்கமாக இருந்தால் பிரித்து நடுங்கள், காற்று ஓடட்டும். பூஞ்சைக்கொல்லி புது இலையைக் காக்கும், பழைய கறையை அழிக்காது. அதைவிட முக்கியம், நோய் ஏறிய வகை எது, ஏறாத வகை எது என்று குறித்து வையுங்கள். ஒரே பாத்தியில் ஒன்று ஆரஞ்சாகிக் கிடக்கும், பக்கத்தில் ஒன்று சும்மா நிற்கும். ஆண்டுதோறும் அடிவாங்கும் வகையை விட்டுத்தொலையுங்கள்.

கடுங்குளிரில் இலை முழுதும் மடியும் ஊர்களில் இது தானாக அறுந்துவிடும். வெப்பமான ஊர்களில் பசுமை மாறா இலையில் ஆண்டு முழுதும் குடியிருக்கும். வெயில்மேடு சொன்ன வகைத் தேர்வுக்கு இப்படியும் ஒரு மறுபக்கம் உண்டு.

மாடிக்கொடி:

பூனைக்கு எட்டாதபடி வலை அடைப்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன், தொட்டி ஆசை போகவில்லை! இன்னொரு கேள்வி: வாடிய பூவைத் தினமும் கிள்ள வேண்டுமா? தோழி ஒருத்தி கட்டாயம் என்கிறாள்.

உரக்கூடை:

கிள்ளுங்கள். விதை பிடித்தால் செடியின் சத்து அதற்குப் போய்விடும்.

பழைய மண்வெட்டி:

தினமும் கிள்ளாவிட்டால் செடி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பிஞ்சுக்காய் பிடித்திருந்தால் அதை எடுத்தால் போதும். நூறு தூர் வைத்திருப்பவர் காலையெல்லாம் பூக்கிள்ளியே காலம் தள்ள முடியுமா?

வெயில்மேடு:

மாடியில் இரண்டு தொட்டிதானே, கிள்ளட்டும். விதையைவிட எனக்கு வேறு காரணம் இருக்கிறது. நேற்றைய பூ கொழகொழத்து, நாளை விரிய வேண்டிய மொட்டின்மேல் ஒட்டிக்கொண்டால் அந்த மொட்டு சரியாக விரியாது. பூவை மட்டும் இழுத்தால் அடியில் சூலகம் நின்றுவிடும். அதையும் சேர்த்து ஒடிக்க வேண்டும், பக்கத்து மொட்டை ஒடிக்காமல். எல்லா மொட்டும் முடிந்த தண்டைப் பச்சையாக இருக்கும்போது அடியில் வெட்டலாம், பழுப்பாகிவிட்டால் இழுத்தாலே வந்துவிடும். இலையை மட்டும் பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். துரு வந்தபோது வெட்டுவது வேறு கதை.

நீலக்கனவு:

என் மஞ்சளையும் நண்பர் வீட்டுச் சிவப்பையும் கலந்து பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஏட்டுப்புழு ஐயா, வழி சொல்லுங்கள்.

ஏட்டுப்புழு:

காலையில் பூ விரிந்து மகரந்தம் பொடியாக உதிரத் தொடங்கியதும் செய்யுங்கள். சிவப்பின் ஒரு மகரந்தத்தாளை இடுக்கியால் எடுத்து, மஞ்சளின் நடுவில் நீண்டு நிற்கும் சூல்தண்டின் நுனியில் தடவுங்கள். அந்தப் பூவில் நூல் கட்டி, எதோடு எது என்று எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் பிறகு சத்தியமாக நினைவிருக்காது. வெக்கை மிகுந்த நாட்களில் காய் பிடிக்காது. ஒன்று இருமயம், மற்றது நான்மயம் என்றால் பொதுவாகக் காய் பிடிக்காது, பிடித்தாலும் உதிர்ந்துவிடும். உங்கள் மஞ்சள் எது என்று தெரியாததால் இரண்டு மூன்று செடிகளோடு முயன்று பாருங்கள்.

காய் முற்ற ஆறு முதல் எட்டு வாரம். பழுப்பாகி நுனி வெடிக்கும்போது பறித்தால் உள்ளே கருகருவென்று பளபளக்கும் விதைகள் இருக்கும். உறங்கும் வகையின் விதை என்றால் ஈரமான காகிதத்தில் சுற்றிச் சில வாரங்கள் குளிர்பெட்டியில் வைத்து விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். பூப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம்.

இலைநுனி:

இலைகளை வெட்டிக் கட்டி அப்புறப்படுத்திவிட்டேன். ஒரு தண்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், அதில் துரு இல்லை. பூ முடிந்த அந்தத் தண்டின் நடுவில் சின்ன இலைக்கொத்து ஒன்று முளைத்திருக்கிறது. இது என்ன, வெட்டிவிடவா?

வெயில்மேடு:

வெட்டுங்கள், ஆனால் எறியாதீர்கள். அது தண்டில் வந்த கன்று. தாய்ச்செடியின் அச்சு அசல் நகல் அது, விதையைப் போல மாறாது. அடியில் வேர் முனைகள் சின்னக் கொம்பு போலத் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் தண்டு பச்சையாக இருக்கும்வரை விட்டு வையுங்கள். பிறகு அந்தக் கொத்துக்கு மேலும் கீழும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டோடு சேர்த்து நறுக்கி, அடித்தண்டும் வேர்முனையும் புதையும்படி சிறு தொட்டியில் ஊன்றி நிழலில் வையுங்கள். உங்களிடம் துரு இருப்பதால் அதன் இலைகளைத் துடைத்துப் பார்த்து, மற்றச் செடிகளிடமிருந்து தள்ளியே வளர்த்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் மாறி ஊன்றிவிடாதீர்கள், இலை மேலே இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், தலைகீழாக ஊன்றியவர்கள் இருக்கிறார்கள்.